ஒப்பந்தத்தில் இல்லாத ஆள் வீட்டில் இருக்கிறார்: வீட்டுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல்முறை வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர் ஒருவர், "ரெண்டு பேர்னுதான் எழுதினோம், இப்போ நாலஞ்சு பேர் இருக்கிற மாதிரி தெரியுது" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "வாடகை ஒழுங்கா வருது, போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படி விட்டவன்தான்.

ஒப்பந்தமே போடாமல் சாவியைக் கொடுப்பது மாதிரியான தவறுகளை இங்கே சொல்லப் போவதில்லை.

ஒரே அடையாளத்தை நம்புவது

ஒருமுறை தண்ணீர் மீட்டர் எகிறியதைப் பார்த்து, ஆள் கூடிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் ஒழுகியிருக்கிறது. வாசலில் கிடக்கும் செருப்பும் அப்படித்தான், விருந்தாளியுடையதாகவும் இருக்கலாம். வேறு பெயருக்குத் தொடர்ந்து தபால் வருகிறதா, ஒரே வண்டி வாரக்கணக்கில் ராத்திரி முழுக்க நிற்கிறதா, குழாய் ரிப்பேர் என்று போன் செய்வது யார், இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். தேதியோடு குறித்தும் வையுங்கள்.

வாடகை யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்காதது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு வீட்டுக்கு மாதாமாதம் சரியான தேதியில் பணம் வந்துகொண்டிருந்தது, நானும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அனுப்பியவர் பெயர் மாறி நாலு மாதம் ஆகியிருந்தது. அது போதாதென்று, அந்தப் புது ஆள் கேட்டபோது அவர் பெயருக்கே ரசீதும் எழுதிக் கொடுத்தேன், நல்ல மனுஷன் மாதிரி. அப்புறம்தான் தெரிந்தது, என்னோடு ஒப்பந்தம் போட்டவர் வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு எப்போதோ போய்விட்டார். காலி செய்யச் சொன்னால், இவர் என் கையெழுத்தையே எடுத்து நீட்டுகிறார்! தெரிந்தே ஒருவரிடம் வாடகை வாங்கினால், அவர் குடியிருப்பதற்கு நாம் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ள பல நாட்டுச் சட்டங்களில் இடமிருக்கிறது. வக்கீல், அலைச்சல், காலி செய்ய அவர் கேட்ட தொகை என்று எல்லாம் என் தலையில் விழுந்தது.

அதனால் தெரியாத பெயரிலிருந்து பணம் வந்தால், ரசீது எழுதுவதற்கு முன் நிறுத்துங்கள். ஒப்பந்தக்காரருக்கு அன்றைக்கே எழுத்தில் கேள்வி போகட்டும். பணத்தை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்பதை உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

விருந்தாளிக்கு நாள் கணக்கு எழுதாதது

எத்தனை நாளுக்கு மேல் தங்கினால் அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. 14 நாள் என்று போடுகிறவர்கள் நிறைய.

சொல்லாமல் உள்ளே நுழைவது

கூடாது. முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது

பெரும்பாலான இடங்களில் குற்றம் உங்கள் மேல் திரும்பும்.

கேட்காமலேயே கோபப்படுவது

வந்திருப்பது பார்த்துக்கொள்ள ஆளில்லாத அம்மாவாக இருக்கலாம். கேளுங்கள், சரி என்று பட்டால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.