மருத்துவ மாநாட்டில் ஓய்வறை அமைப்பது எப்படி? (200 பேர் வரும் நிகழ்ச்சிக்கு)

இரவு டூட்டி முடித்து நேராக அரங்குக்கு வரும் செவிலியர்களும் பி.ஜி. (முதுநிலை படிக்கும்) மருத்துவர்களும் எல்லா மாநாட்டிலும் உண்டு. அவர்களுக்குக் காலை 6 மணி யோகா வகுப்பு உதவாது, வேண்டியது தூக்கம். பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோயாக அல்லாமல் வேலை சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. எனவே நிகழ்ச்சி நிரலிலும் இடத்திலும் கை வையுங்கள்.

1. அறை

கல்யாண மண்டபமென்றால் மணமகள் அறையை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பான்சர்களின் அட்டைப்பெட்டிகள் அங்கேதான் குவியும். பார்க்கப் போகும்போது அரங்கில் மைக்கையும் பின்னால் ஜெனரேட்டரையும் ஓடவிட்டுக் கேளுங்கள். காலி மண்டபத்தில் எந்த அறையும் அமைதியாகத்தான் இருக்கும்.

2. பொருள்கள்

சாய்வு நாற்காலி 4, இரண்டு அங்குல ஃபோம் மெத்தை 4, தலையணை உறை 30 (ஆள் மாறும்போதெல்லாம் மாற்ற). டியூப்லைட் வேண்டாம், மஞ்சள் விளக்கு ஒன்று போதும். ஏசி 26 டிகிரி. ஊதுபத்தியும் வாசனை எண்ணெயும் கூடவே கூடாது. ஆஸ்துமாவும் ஒற்றைத் தலைவலியும் உள்ளவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

3. போன்: பலரும் கோட்டை விடும் இடம்

"போனை அணைத்துவிட்டு உள்ளே வரவும்" என்று எழுதி ஒட்டினால் அறை காலியாகவே கிடக்கும். ஆன் கால் டூட்டியில் (கூப்பிட்டால் போக வேண்டிய பணியில்) இருப்பவரால் போனை அணைக்க முடியாது; கையில் வைத்திருந்தால் தூக்கம் வராது. வழி இது: மெத்தைக்கும் நாற்காலிக்கும் 1 முதல் 8 வரை எண் போடுங்கள். அதே எண்ணிட்ட துணிப்பைகள் வாசலில் தன்னார்வலரிடம் இருக்கட்டும். போன் வைப்ரேட்டில், திரை மறைந்தபடி பைக்குள். அழைப்பு வந்தால் தன்னார்வலர் எடுத்துப் பேசக்கூடாது. நோயாளி பற்றிய விவரம் அதில் இருக்கும். அந்த எண்ணுக்குப் போய்த் தோளைத் தொட்டு எழுப்பினால் போதும். தூங்குபவரை 20 நிமிடத்தில் எழுப்பிவிட வேண்டும். அதைத் தாண்டி ஆழ்ந்து உறங்கி எழுந்தால் தலை கனக்கும். வாசலில் சிக்னல் கிடைக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பெயர்ப் பதிவேடு வேண்டாம், எத்தனை பேர் வந்தார்கள் என்று கோடு போட்டு எண்ணினால் போதும்.

4. நிரல்

உணவு இடைவேளை 90 நிமிடம். 60 என்று போட்டால் வரிசையிலேயே பாதி கரையும். பேச்சாளர் நேரம் கடந்தால் அடுத்த பேச்சிலிருந்து வெட்டுங்கள், இடைவேளையிலிருந்து அல்ல. இதை அமர்வுத் தலைவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. தாய்மார்களுக்கு

பால் எடுக்கத் தனி அறை: உள்தாழ்ப்பாள், கைவைத்த நாற்காலி, பக்கத்திலேயே பிளக், கை கழுவத் தண்ணீர், 4 டிகிரி குளிர்சாதனப் பெட்டி. எடுத்த பால் 25 டிகிரி வரை 4 மணி நேரம் தாங்கும்; நம் ஊர் வெயிலில் அதை நம்ப வேண்டாம்.

6. உதவி எண்

டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இதைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் சுட்டியவை இரண்டு. ஆண்களும் இருக்கும் அறையில் பெண்கள் படுக்கத் தயங்குகிறார்கள். மணமகன் அறையையும் வாங்கி, பொருள்களைப் பாதியாகப் பிரித்து, இரண்டு வாசலிலும் ஆள் போடுங்கள். கிரெடிட் (மாநாட்டில் கலந்துகொண்டதற்கான மதிப்பெண்) போய்விடும் என்ற பயத்தில் அரங்கிலேயே உட்கார்ந்து தூங்குவோரும் உண்டு. வருகைப்பதிவுக்கான ஸ்கேனைப் பிற்பகல் 2:30-க்குப் பிறகு வைத்தால் உணவு முடித்து நிம்மதியாகப் படுப்பார்கள்.