நோயின் பெயரை வைத்து வைரஸின் குடும்பத்தைத் தீர்மானிக்காதீர்கள்

மனிதரைத் தாக்கும் டி.என்.ஏ. வைரஸ்களை (மரபுப் பொருளாக டி.என்.ஏ.வைக் கொண்டவை) பற்றிய குழப்பங்களில் பல, நோயின் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. தமிழில் ‘அம்மை’ என்ற சொல் செய்யும் குழப்பம் கொஞ்சமன்று. பெரியம்மை பாக்ஸ் வைரஸ் குடும்பத்தால் வந்தது. சின்னம்மையோ ஹெர்ப்பீஸ் குடும்பத்து வேரிசெல்லா சோஸ்டர் வைரஸால் வருகிறது. தட்டம்மைக்கும் புட்டாளம்மைக்கும் காரணமானவை, ஆர்.என்.ஏ.வை மரபுப் பொருளாகக் கொண்ட ஆர்.என்.ஏ. வைரஸ்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டதைக் கொண்டு, சின்னம்மையையும் அதே எளிமையில் ஒழிக்கலாம் என்று எண்ணுவது இந்தப் பெயர்க் குழப்பத்தின் விளைவே. பெரியம்மை வைரஸ் குணமானவரின் உடலில் தங்குவதில்லை. சின்னம்மை வைரஸோ கொப்புளங்கள் உதிர்ந்த பிறகும் நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடக்கிறது.

அது பல ஆண்டுகள் கழித்து விழித்தெழுவதுதான் அக்கி. அக்கி இன்னொருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அது அவரவர் உடலுக்குள்ளிருந்தே கிளம்புவது. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டு, சின்னம்மைக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டால், அவருக்கு வருவது சின்னம்மையே, அக்கி அன்று. காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கத்தைப் பழித்துப் பயனில்லை. ஆனால் அதை மட்டுமே நம்பி நாள்களைக் கடத்துவது தவறு, ஏனெனில் அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குவதே நல்லது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி வந்தால் பார்வைக்கே ஆபத்து நேரலாம்.

மாணவர்கள் செய்யும் தவறு வேறு வகை. டி.என்.ஏ. வைரஸ்கள் எல்லாம் இரட்டை இழை கொண்டவை, எல்லாம் உயிரணுவின் உட்கருவில் பெருகுபவை என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் மனிதரைத் தாக்கும், பார்வோ குடும்பத்தின் பி19 ஒற்றை இழை வைரஸ். பாக்ஸ் வைரஸ்கள் தமக்கு வேண்டிய நொதிகளைத் தாமே சுமந்து வருவதால் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே பெருகுகின்றன. (பி19 நாயிடமிருந்து வருவதன்று, நாய்களைக் கொல்லும் பார்வோ வைரஸ் வேறு.)

மஞ்சள் காமாலையிலும் இதே சிக்கல் உண்டு. கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ முதல் இ வரையுள்ள ஐந்து வைரஸ்களில் பி மட்டுமே டி.என்.ஏ. வைரஸ். அதுவும் எச்.ஐ.வி.யைப் போலவே ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை எழுதிக்கொள்வதால்தான், எச்.ஐ.வி.க்குத் தரப்படும் டெனோஃபோவிர் இதற்கும் பயன்படுகிறது.

அடினோ வைரஸ்கள் பல நேரங்களில் உண்டாக்கும் ‘மெட்ராஸ் ஐ’, நோயாளியின் கண்ணைப் பார்ப்பதால் தொற்றுவதில்லை. கைகளும் துண்டும் தலையணையுமே அதைப் பரப்புகின்றன. அடினோ வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி அதை எளிதில் அழிப்பதில்லை. சோப்பு போட்டு ஓடும் நீரில் கை கழுவுவதே மேல். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவரைக் கேளாமல் விட்டுக்கொள்வது இன்னும் பெரிய தவறு: சிவந்த கண்ணுக்குக் காரணம் ஹெர்ப்பீஸ் சிம்ப்ளக்ஸாக இருந்தால், கருவிழிப் புண் அந்தச் சொட்டுகளாலேயே பரவிப் பெரிதாகிவிடும்.