சுங்கை பாக்காப் ஓட்டுக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, நம்ம கவுன்சிலர் போன தடவை எத்தனை ஓட்டுல ஜெயிச்சார்?" கையில் இருந்த ரொட்டியை வைத்துவிட்டு, "ஐயா, அவருக்கு யாரும் ஓட்டே போடலையே" என்றேன். நம்பவில்லை.

பலரும் சறுக்கும் முதல் இடம் இதுதான். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. இந்தப் பகுதிக்கான செபராங் பிறை மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர 2012இல் பினாங்கு ஒரு சட்டம் இயற்றியது. அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மன்றத்துக்கு ஓட்டுப் போட்ட காலத்தின் அடையாளமாக, 1957இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயரான டி.எஸ். இராமநாதன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அவ்வளவுதான். இந்தப் பக்கத்து ஓட்டு வரலாறு வேண்டுமானால் சட்டமன்றத் தொகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, இங்குள்ள சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2008 முதல் மூன்று தேர்தல்களில் மக்கள் நீதிக் கட்சி (பிகேஆர்) வென்றது. 2023இல் மலேசிய இஸ்லாமியக் கட்சியான பாஸ் 1,563 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தது. 2024 ஜூலை 6ஆம் தேதி இடைத்தேர்தலில் வித்தியாசம் 4,267. உடனே "பாஸ் அலை" என்றார்கள். வித்தியாசத்தை விட்டுவிட்டு ஓட்டை எண்ணிப் பாருங்கள்: பாஸ் 15,433இலிருந்து 14,489க்கு இறங்கியிருக்கிறது. ஜெயித்தவருக்கே 944 ஓட்டு குறைவு! பிகேஆர் 13,870இலிருந்து 10,222க்கு, அதாவது 3,648 ஓட்டு சரிந்தது. இடைத்தேர்தலில் பொதுவாக ஓட்டுப்பதிவு குறையும். அன்றைக்கு வீட்டில் இருந்துவிட்டவர்கள்தான் வித்தியாசத்தை ஊதிவிட்டார்கள். அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை இந்த எண்கள் சொல்லாது.

அப்புறம், கட்சிப் பெயரை மட்டும் பார்த்து பழைய கணக்கைக் கூட்டாதீர்கள். 2008லும் 2013லும் பிகேஆரும் பாஸும் ஒரே அணி, எதிரே அப்போது நாட்டை ஆண்ட தேசிய முன்னணி. 2023இல் தேசிய முன்னணி பிகேஆரோடு சேர்ந்துகொண்டது, பாஸ் எதிரே நின்றது. பிகேஆர், தேசிய முன்னணி இரண்டின் பழைய ஓட்டையும் கூட்டி "இத்தனை கிடைக்கும்" என்று போட்ட கணக்கு அங்கேயே உடைந்தது. வாக்காளர் பட்டியலும் பழையது இல்லை. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் பெயர் தானாகவே ஏறிவிடுகிறது.

நாடாளுமன்ற முடிவைச் சட்டமன்றத்துக்கு ஒட்டவைப்பதும் ஆபத்து. சுங்கை பாக்காப் அடங்கிய நிபோங் திபாலில் 2022 நவம்பரில் பிகேஆரின் ஃபட்லினா சிடேக் வென்றார். ஒன்பதே மாதத்தில் சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதி பாஸ் பக்கம் போனது.

கடைசியாக, நம்மவர்களுக்கு மிகவும் பிடித்த தவறு: "இந்தியர் ஓட்டு இத்தனை விழுக்காடு இந்தப் பக்கம்" என்று அடித்துச் சொல்வது. தொகுதியில் இந்தியர் கிட்டத்தட்ட 17 விழுக்காடு. சிலர் சாலுரான் (ஓட்டுச் சாவடிக்குள் இருக்கும் தனித்தனி வரிசை) வாரியான எண்ணிக்கையை வைத்து இனத்தைப் பிரிக்கப் பார்க்கிறார்கள். சாலுரானைப் பிரிப்பதோ வயதை வைத்து. ஒரே வீட்டிலிருந்து ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாட்டி ஒன்றாம் சாலுரானில் நிற்பார், பேத்தி கடைசிச் சாலுரானில்.