சரிந்து நின்ற ஹைலக்ஸ்: என் அனுபவம்

தண்ணீர்த் தாங்கி, டீசல் கலன்கள், கூடாரம் எல்லாம் ஏற்றினால் என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் பின்னால் இடப்பக்கம் சரியும். ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுப்பாதையில் அது பெரிய தொல்லை. சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்தேன் (நிலத்திலிருந்து அளந்தால் மேடுபள்ளம் ஏமாற்றும்), இரண்டு பக்கத்துக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம்.

சுமையை மாற்றி அடுக்கினேன், பலனில்லை. கராஜில் ஷொக் அப்சோர்பர் மாற்றியது வீண் செலவு, அது ஆட்டத்தை அடக்குமே தவிர பாரத்தைத் தாங்காது. இடப்பக்கம் ஒரு வில்லுத்தகடு (பின்பக்கப் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடு) கூட்டினோம், வெறும் வண்டி மறுபக்கம் சரிந்தது. கழற்றிவிட்டோம்.

"அண்ணை, வலப்பக்க வில்லுத்தகட்டு நட்டை ஜாக்கில தூக்கி வச்சோ இறுக்கினீங்கள்?" என்று வேலை பழகும் பொடியன் கேட்டான். ஓம், போன மாதம் அந்தப் பக்கம் தகடு மாற்றியபோது அப்படித்தான். சில்லு தொங்க இறுக்கினால், வண்டியை இறக்கும்போது தகட்டின் நுனியில் உள்ள ரப்பர் வளையம் (புஷ்) முறுகி அந்தப் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே நிற்கும். பிழை உயர்ந்த பக்கத்தில், நான் பார்த்ததோ தாழ்ந்த பக்கத்தை!

நட்டுகளைத் தளர்த்தி, முழுச் சுமையோடு முன்னும் பின்னும் உருட்டி, சில்லு நிலத்தில் நிற்கவே இறுக்கினோம். இப்போது வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான்.