அடம்பிடிக்கும் குழந்தையும் பால்புட்டியும் டயப்பரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால்புட்டி, சூப்பான், டயப்பர், விரல் சூப்புதல் எல்லாம் கைக்குழந்தையாக இருந்தபோது பழகியவை. விட வேண்டிய வயது வந்ததும் பிடிவாதக்காரப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முரண்டு பிடிப்பார்கள். எதை, எப்போது நிறுத்துவது என்பது பெரியவர்களின் முடிவு. எப்படி என்பதில் பிள்ளையும் வாய் திறக்கட்டும். இந்த இரண்டும் இடம் மாறும்போதுதான் வீடு அமளிதுமளியாகிறது.

"பால்புட்டியை விட்டுடலாமா?" என்று கேட்பதே முதல் தவறு. "மாட்டேன்" என்ற பதிலை ஏற்கப் போவதில்லை என்றால் கேட்கவே கூடாது. "இனிமே கப்லதான் பால். நீலக் கப்பா, மஞ்சள் கப்பா?" என்று கேளுங்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சம்மதமாக இருக்க வேண்டும். பதிலே வராவிட்டால் சற்றுப் பொறுத்து, "சரி, இன்னைக்கு நான் எடுக்கறேன்" என்று முடித்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு பாதியில் இறங்கிவருவது. மூன்று இரவு உறுதியாக இருந்துவிட்டு நான்காவது இரவு மனமிளகிப் புட்டியைக் கொடுத்தால், எவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. ஒரு பழக்கம் அடங்குவதற்கு முன் அழுகை கூடுவது வழக்கம். அந்தக் கட்டத்தில் கொடுத்துவிட்டால் அடுத்த முயற்சி இன்னும் கடினமாகும். தாத்தா பாட்டி உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க முடியாத வாரத்தில் தொடங்கவே வேண்டாம். உடல்நலமின்மை, வீடு மாறுதல், தம்பி தங்கை பிறக்கும் நேரம் ஆகியவற்றையும் தவிருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் மட்டும். அது படிந்து சில வாரங்கள் கழித்து அடுத்தது.

பால்புட்டியை 12 முதல் 18 மாதத்துக்குள் நிறுத்துவது நல்லது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும். வாயில் தங்கும் பாலின் சர்க்கரை மேல்வரிசை முன்பற்களை அரிக்கும். நாளுக்கு 700 மி.லி.க்கு மேல் பால் குடிக்கும் குழந்தை சாப்பாட்டைத் தள்ளும், இரும்புச்சத்தும் குறையும். முதலில் மதியப் புட்டி, நாலைந்து நாள் கழித்துக் காலைப் புட்டி, கடைசியாக இரவுப் புட்டி என்று நிறுத்துங்கள். இரவில் கப்பில் பால், பிறகு பல் துலக்கல், பிறகு கதை என்ற வரிசை மாறக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை இரவுப் புட்டியை விடவே மறுத்தால், ஒரு வாரத்தில் படிப்படியாகத் தண்ணீரைக் கூட்டி வெறும் தண்ணீருக்குக் கொண்டுவரலாம். புட்டிக்குப் பதிலாக சிப்பரில் பாலை ஊற்றி நாள் முழுக்கக் கையில் கொடுத்தால் பல்லுக்கு அதே கேடுதான்.

கழிப்பறைப் பழக்கத்தில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன, பின்விளைவும் அதிகம். இரண்டு மணி நேரமாவது டயப்பர் நனையாமல் இருப்பது, ஜட்டியைத் தானே இறக்கி ஏற்றுவது, ஆய் போனதைச் சொல்வது ஆகிய அறிகுறிகள் தெரியும்வரை காத்திருங்கள். கால் மணிக்கு ஒரு தரம் "வருதா?" என்று கேட்டால் பிடிவாதக் குழந்தை ஒவ்வொரு முறையும் "இல்ல" என்றுதான் சொல்லும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில், படுக்கும் முன் என்று நேரத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். கால் தொங்கினால் முக்க முடியாது. பாதம் ஊன்ற ஒரு முக்காலி வேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

ஒருமுறை வலித்து ஆய் போன குழந்தை அடுத்த முறை அடக்கும். அடக்க அடக்க மலம் இறுகிப் பெரிதாகும், வலி கூடும். நுனிக்காலில் நிற்பது, காலைப் பின்னிக்கொள்வது, மூலையில் ஒளிவது எல்லாம் இதன் அடையாளம். பெரியவர்களுக்கு இது வீம்பாகத் தெரியும்; குழந்தைக்கு இது பயம். இந்த நேரத்தில் வற்புறுத்தினால் நிலைமை முற்றும். பயிற்சியைச் சில வாரம் நிறுத்தி, மருத்துவரிடம் கேட்டு முதலில் மலத்தை இளக்குங்கள். டயப்பரில்தான் போவேன் என்றால் கொடுங்கள். பிறகு டயப்பரோடு குளியலறைக்குள், பிறகு டயப்பரோடு கழிப்பு இருக்கையில், கடைசியில் டயப்பர் இல்லாமல் என்று நகர்த்துங்கள். மலச்சிக்கல் உள்ள குழந்தையின் ஜட்டியில் நீர்த்த மலம் கசிந்தால் அது வயிற்றுப்போக்காகவே இருக்க வேண்டியதில்லை. இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம். அதற்குத் திட்டாதீர்கள்.

இரவில் நனையாமல் தூங்குவதைப் பயிற்சியால் வரவழைக்க முடியாது. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனும், நிறைந்த சிறுநீர்ப்பைக்கு விழித்துக்கொள்ளும் திறனும் முதிர வேண்டும். ஐந்து வயதுவரை படுக்கையை நனைப்பது இயல்பு.

விரல் சூப்புதலுக்கு அவசரமில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வயதுக்குள் தாமாக விடுகிறார்கள். கசப்பு மருந்து தடவினால் அடம்தான் வளரும். களைப்பிலா, டிவி பார்க்கும்போதா என்று கவனித்து அந்த நேரத்தில் கைக்கு வேலை கொடுங்கள். நான்கு வயதுக்கு மேலும் தொடர்ந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு வயதையொட்டி நிலையான முன்பற்கள் வரத் தொடங்கும்; அதற்குள் இந்தப் பழக்கம் விட்டுப்போவது நல்லது.

"நீ இன்னும் பாப்பாவா?" என்ற கேலி எந்தப் பழக்கத்துக்கும் உதவாது. "நீயே ஜட்டியை இறக்கினியே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். ஆறு மாதம் நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மீண்டும் நனைக்கத் தொடங்கினாலோ, சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாலோ அதைப் பிடிவாதக் கணக்கில் சேர்க்காமல் உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.