குவைட், ஃபேர்லி, ராதர், பிரிட்டி: எதை எங்கே போடுவது?

ஒரு படம் பிரமாதமும் இல்லை, மோசமும் இல்லை. இந்த நடுப்பகுதியைச் சொல்ல ஆங்கிலத்தில் குவைட் (quite), ஃபேர்லி (fairly), ராதர் (rather), பிரிட்டி (pretty) என நான்கு சொற்கள் முட்டி மோதுகின்றன. நான்குக்கும் 'ஓரளவு' என்றே மனப்பாடம் செய்து வைத்திருப்பதால்தான் குழப்பம். தமிழில் நாம் இந்த வித்தியாசங்களை நாள்தோறும் காட்டுகிறோம், அதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சாப்பாடு பரவாயில்லை' என்றால் ஃபேர்லி குட். 'நன்றாகவே இருக்கிறது' என்றால் பிரிட்டி குட். 'அட, நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதே!' என்றால் ராதர் குட்.

படி 2: யாரிடம் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். பிரிட்டி பேச்சு வழக்குச் சொல். நண்பருக்கு அனுப்பும் மெசேஜில் சரி, விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம். அங்கே ஃபேர்லி போதும்.

படி 3: குறை சொல்கிறீர்களா? டீ 'ஃபேர்லி ஸ்வீட்' என்றால் இனிப்பு அளவாக இருக்கிறது. 'ராதர் ஸ்வீட்' என்றால் பெரும்பாலும் சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது என்று பொருள். 'ராதர் பெட்டர்', 'ராதர் டூ பிக்' என்று ஒப்பிடும் சொல்லுக்கும் 'டூ'வுக்கும் முன்னால் நிற்பதும் இந்த நான்கில் ராதர் மட்டும்தான்.

படி 4: இனி குவைட். நிதானமாகப் படியுங்கள், அதிகம் சறுக்குவது இங்கேதான். இதற்கு இரண்டு பொருள். அடுத்து வரும் சொல்லுக்கு முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி டயர்ட்' பொருந்துகிறது, ஆகவே 'குவைட் டயர்ட்' என்றால் ஓரளவு களைப்பு. 'வெரி இம்பாசிபிள்' பொருந்தவில்லை, ஆகவே 'குவைட் இம்பாசிபிள்' என்றால் முழுக்க முழுக்க முடியாதது. 'நாட் குவைட் ரெடி' என்பதும் இந்த இரண்டாவது வகைதான்: முழுதாகத் தயாராகவில்லை, இன்னும் கொஞ்சம் பாக்கி.

நாடும் முக்கியம். அமெரிக்கர் 'குவைட் குட்' என்றால் பெரும்பாலும் நல்ல பாராட்டு. பிரிட்டிஷ்காரர் அதையே குவைட்டில் அழுத்தம் கொடுத்துச் சொன்னால், 'பரவாயில்லை, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்' என்ற தொனி வந்துவிடும். அதனால் பிரிட்டிஷ் சக ஊழியரை மனதாரப் பாராட்ட நினைத்தால் தயங்காமல் 'வெரி குட்' என்றே எழுதுங்கள். உழைத்தவர் மனம் சின்னதாகிவிடக் கூடாது. அப்புறம், ஆங்கிலத்தில் எழுதும்போது குவைட்டின் (quite) கடைசி இரண்டு எழுத்து இடம் மாறினால் அது 'அமைதி' என்ற குவயட் (quiet) ஆகிவிடும், கவனம்.

படி 5: வாக்கியத்தில் இடம். 'எ ஃபேர்லி குட் ஸ்டோரி', 'எ பிரிட்டி குட் ஸ்டோரி' என்று 'எ' முன்னால் வரும். குவைட் பெரும்பாலும் அதைத் தாண்டி முன்னே போய்விடும்: 'குவைட் எ குட் ஸ்டோரி'. ராதர் இரண்டு விதமாகவும் வரலாம். வினைச்சொல்லோடு சேர்க்க வேண்டுமானால் 'ஐ குவைட் லைக் இட்', 'ஐ ராதர் லைக் இட்' இரண்டும் சரி. 'ஐ ஃபேர்லி லைக் இட்', 'ஐ பிரிட்டி லைக் இட்' இரண்டும் தவறு.