பிள்ளைகளுக்கு வீட்டு வேலை பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

வெங்காயம் உரித்துத் தருவான், தேங்காய் துருவுவான், கடைக்கு ஓடுவான். ஆனால் அம்மா ஒருநாள் ஊருக்குப் போய்விட்டால் ஹோட்டல் பார்சல்தான். எடுபிடி வேலை வாங்கிவிட்டு, வேலை பழக்கிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன்.

ரசம் வைக்கத் தெரியும் என்றால், வீட்டில் புளி இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, கடைசியில் அடுப்பைத் துடைப்பது வரை தெரியும் என்று அர்த்தம். பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பத்து வேலையில் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதைவிட, ஞாயிறு இரவுச் சாப்பாட்டை முழுசாக விட்டுவிடுங்கள். சோறு, ரசம், அப்பளம் போதும். உப்பு கூடிப்போனால் கூடட்டும், எல்லோரும் அதையே சாப்பிடுங்கள். "தள்ளு, நானே பண்ணிடறேன்" என்று கரண்டியைப் பிடுங்கினால் போச்சு. அதற்கப்புறம் அந்தப் பிள்ளை அடுப்படிப் பக்கம் வராது, வந்தாலும் எதற்கெடுத்தாலும் உங்களைக் கேட்டுக்கொண்டே நிற்கும். வேறு அறையில் போய் உட்காருவது நமக்குத்தான் கஷ்டம்.

அடுத்தது, காரணம் சொல்லாமல் பயம் மட்டும் காட்டுவது. "கேஸ் பக்கம் போகாதே" என்றே வளர்ந்த பிள்ளை, வாடை வந்தால் என்ன செய்யும்? அவசரமாக ஃபேனைப் போடும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் சின்னப் பொறி பறக்கலாம், அதனால் சுவிட்சைத் தொடவே கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான உதவி எண் 1906-க்கு போன் செய்ய வேண்டும். இதை வாயால் சொன்னால் நிற்காது. ரெகுலேட்டரை அவர்கள் கையாலேயே நாலு தடவை மூடித் திறக்க வையுங்கள்.

குக்கரும் அப்படித்தான். மூடுவதற்கு முன் மூடியைத் தூக்கி, வெயிட் உட்காரும் குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பருப்புத் தோல் ஒன்று அடைத்தாலே போதும், விசில் வராது. அரிசி, பருப்பு என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது. ரொம்ப நேரமாகியும் விசில் வரவில்லையா, அடுப்பை அணைத்துவிட்டு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். வெயிட்டை நெம்பக் கூடாது. கழிவறை கழுவும்போது ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது.

மகளுக்கு மட்டும் பழக்குவது, மார்க் குறைந்தால் தண்டனையாகப் பாத்திரம் தேய்க்கச் சொல்வது: இரண்டுமே தவறு என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பணத்தைக் கண்ணிலேயே காட்டாமல் வளர்ப்பது இப்போது வந்த தவறு. எல்லாம் அப்பா போனிலேயே முடிந்துவிடுவதால் கரண்ட் பில் எவ்வளவு என்றே பிள்ளைக்குத் தெரியாது. மீட்டரை ஒரு மாதம் அவர்களே குறித்து வரட்டும். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நாம் கத்தாமலே அது அணையும். அப்புறம் யுபிஐ: பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பர் (PIN) தேவையே இல்லை, யாராவது அடிக்கச் சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்களோ என்று மறைக்காமல் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்து சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும் வாரத்தில் திணிப்பவர்கள் உண்டு. அந்த நிலைமைதான் என்றால் சமையலை விட்டுவிட்டுத் துவைப்பதைக் காட்டுங்கள், போன முதல் வாரமே தேவைப்படுவது அதுதான். சோப்புத் தூள் கரைந்த பிறகுதான் துணியைப் போட வேண்டும். காலரையும் கைமடிப்பையும் தனியாகக் கசக்க வேண்டும். சாயம் போகும் புதுத் துணி வேறு பக்கெட்டில். ஊறப்போட்டதை மறுநாள் வரை விட்டால் வாடை வந்துவிடும்.